கோணாமலையின் மற்றப் பாதி

வசந்தாதேவி அக்கா வெட்டித் தரும் ஸ்டென்சிலை நான் சரிபார்ப்பதே இல்லை. தட்டச்சுப் பொறியின் மை றிபனை விலக்கிவிட்டு, மெழுகுத் தாளில் எழுத்தெழுத்தாகக் குத்தி எடுப்பார். அதை றோணியோ அச்சுப் பொறியில் மாட்டிக் கையால் சுற்றினால் எண்பது மாணவருக்கும் விலங்கியல் குறிப்பு கிடைத்துவிடும். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, நான் மட்டக்களப்பு நகரில் ரியூசன் நடத்திக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் வியாழன் காலை அவருடைய ஸ்டென்சில் வந்துவிடும். என் எழுத்துப் பிழைகளையும் சொல்லாமல் கொள்ளாமல் திருத்தியிருப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

அந்த வியாழன் வந்த ஸ்டென்சிலில் ஒரு வாக்கியத்தைக் காணவில்லை.

பாரம்பரியம் பற்றிய பாடம் அது. உடம்பில் ஒரு கலம் இரண்டாகுமுன் அதன் டி.என்.ஏ. முறுக்கிய கயிறுபோலப் பிரிகிறது. பிரிந்த பழைய இழை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து ஒரு புதிய இழை உண்டாகிறது. ஆகவே எந்தப் பிரதியிலும் ஓர் இழை பழையதாகவே இருக்கும். அதுவரை அழகாக வெட்டியிருந்தார். பிள்ளைக்குப் போகும் கலம் உண்டாகும்போது கதை வேறு. ஒருவர் தன் தாயிடமும் தகப்பனிடமும் பெற்ற, குரோமோசோம் எனப்படும் நிறமூர்த்தங்கள் அருகருகே வந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு பிரிந்துபோகின்றன. அதையும் வெட்டியிருந்தார். அதற்கடுத்து, "தகப்பனிடம் உள்ளதில் பாதி மட்டுமே பிள்ளைக்குப் போகும், மற்றப் பாதி அந்தப் பிள்ளைக்கு வராது" என்று நான் எழுதியிருந்த இடத்தில் சரியாக இரண்டு வரி வெறுமையாகக் கிடந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அமிர்தகழியில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய், சோதனைக்கு மூன்று கிழமைதான் இருக்கிறது என்று வாசலிலேயே கத்தினேன். அவர் தட்டச்சுப் பொறியின் முன்னால் தலைகுனிந்து இருந்தார்.

"தெரிஞ்சுதான் விட்டன் சேர். கை போகல்ல."

பிறகு தானாகவே சொன்னார். தொண்ணூறில் அவருடைய கணவர் கோணாமலை, இந்தப் பொறிக்கு றிபன் வாங்கச் சைக்கிளில் நகரத்துக்குப் போய் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். இன்றுவரை வரவில்லை. அகதி முகாமில் இருந்தபோது வீடு எரிந்து, கணவரின் படங்களும் அதோடு போய்விட்டன; கையோடு கொண்டுபோன பொறிதான் மிஞ்சியது. ஒரே மகள் இராசாத்திக்கு அப்போது நாலு வயது. கோணாமலைக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமென்று ஆசை. பிரச்சினை முடியட்டும் என்று தள்ளிப் போட்டவர் வசந்தாதேவி அக்காதான். இப்போது கண்ணை மூடினால் கணவரின் முகம் வருவதில்லை. மகளின் முகத்தில் தினமும் தேடுகிறார். அவளோ தாயை உரித்துவைத்த மாதிரி இருக்கிறாள்.

"மூணு நாலு புள்ள பெத்திருந்தா முழுசா வந்திருப்பாரா சேர்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாத்தியார் புத்தி, கணக்குச் சொன்னேன். இரண்டு பிள்ளை என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு வரும், மூன்று என்றால் இன்னும் கொஞ்சம் கூடும், எத்தனை பெற்றாலும் முழுதாக வரும் என்று சொல்ல முடியாது என்றேன். அவர் தட்டச்சுப் பொறியின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சமாளிக்கத்தான் அடுத்ததைச் சொன்னேன். கோணாமலைக்கு வந்ததெல்லாம் அவருடைய தாய் தகப்பனிடமிருந்து வந்தவை, கூடப் பிறந்தவர்களுக்கும் அங்கிருந்துதான் வந்திருக்கும், மகளுக்கு வராததில் கொஞ்சமாவது அவர்களிடம் இருக்கும் என்றேன். கோணாமலைக்கு ஒரே அக்கா, கண்ணகை. வாவிக்கு அக்கரையில், என் ஊரான பழுகாமத்தில்தான் இருக்கிறார். நீ றிபனுக்கு அனுப்பாமல் இருந்திருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பான் என்று அன்றைக்கு அவர் சொன்ன சொல்லோடு பேச்சு அறுந்தது. ஐந்து வருடமாக இருவரும் வாவியைக் கடக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்து, விட்டுப்போன வரியை என் கையாலேயே ஸ்டென்சிலில் கீறிச் சேர்த்தேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போகத் துறைக்கு வந்தால், இராசாத்தியின் கையைப் பிடித்தபடி வசந்தாதேவி அக்கா நிற்கிறார். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மூவரும் ஏறினோம். அக்கரையில் இறங்கியதும் நானும் அவர்களோடு கண்ணகை வீட்டுக்கு நடந்தேன்.

கண்ணகை முற்றத்துப் பாயில் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டார். வாவென்று சொல்லவில்லை.

"அஞ்சு வரியம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சதாகா?"

கேட்கும்போதே அவருடைய இடது புருவம் தானாக மேலேறியது. வசந்தாதேவி அக்கா அப்படியே பாயின் ஓரத்தில், நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணகை பழசையெல்லாம் எடுத்து ஏசினார். செத்தியா இருக்கிறியா என்று கேட்க ஆளில்லாமல் தான் கிடந்ததைச் சொல்லி ஏசினார். வசந்தாதேவி அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கண்ணகையின் பேச்சு தடைப்பட்டது.

"என்னகா இப்பிடிப் பாக்கிறாய்?"

"மிச்சத்தப் பாக்கிறன் மச்சாள். அவரும் இப்பிடித்தான் புருவத்தத் தூக்குவார். புள்ளைக்கு வராத மிச்சம், உங்கள்ள இரிக்கு."

கண்ணகைக்கு நிறமூர்த்தமும் தெரியாது, டி.என்.ஏ.யும் தெரியாது. அவர் இராசாத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பாயில் இருந்தார். சேலைத் தலைப்பால் தன் முகத்து வியர்வையைத் துடைத்து, நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கி, வெயில் முகத்தில் படும்படி வசந்தாதேவி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பாருகா," என்றார். "நல்லாப் பாரு."