கொசு எறிந்த தூரம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் காரில் பயிற்சியாளர் இருக்கை எப்போதும் முடிந்த மட்டும் பின்னால் தள்ளியே இருக்கும். அதை யாராவது முன்னால் இழுத்துவிட்டால், அங்கே கார் ஓட்டக் கற்றுத்தரும் ஏணியின் முழங்கால் போய் டேஷ்போர்டில் இடிக்கும். அப்புறம் அவள் வாயிலிருந்து வருவதை யாரும் காது கொடுத்துக் கேட்க முடியாது. அவளுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் தங்கள் கால்களைக் கழற்றி மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளி முதலாளியே சொல்வார்.

ஏணி என்பது கூடைப்பந்து ரசிகர்கள் வைத்த பெயர். பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கிய வருடமே நகரத்து அணியில் சேர்ந்தவள் அவள். ஆடுகளத்தின் நடுவில் நின்றால் கூட்டத்தில் அவள் தலை தனியாகத் தெரியும். வெளியில் அந்த உயரத்தால் தொல்லைதான். கடையில் விற்கிற கால்சட்டை ஒன்றுகூட அவள் கணுக்காலை எட்டாது. தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், தோள் அளவெடுக்க முக்காலியில் ஏறிய தையல்காரர், "இதுக்கு மேல அளக்கணும்னா இன்னொரு ஆள் வேணும்மா" என்றார். அந்தக் குசும்புக்காகவே அவள் அடுத்த வாரமும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டாள்.

ஏணிக்கு எதிர்ப்பதம் மாதிரி அதே அணியில் ஒருத்தி இருந்தாள். குள்ளம், ஒல்லி, காதருகே வந்து ரீங்காரமிட்டுவிட்டு ஓடிப் போகிறவள். அவளுக்குக் கொசு என்று பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிக் கால்களுக்கு நடுவே புகுந்து வருவாள். ஏணியின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே மேலே தூக்கிப் போடுவாள். ஏணி அதை வாங்கி வளையத்துக்குள் வைப்பாள். தபால்காரர் கடிதம் போடுகிற மாதிரி, அவ்வளவு சுலபம். வழி அடைபட்டால் மட்டும் கொசு வெகுதூரத்தில் நின்றபடியே எறிவாள். பந்து வலையை மட்டும் தொட்டுக்கொண்டு இறங்கும். கூட்டம் எழுந்து நிற்கும். அணியின் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார்.

"கிட்ட போய்ப் போட்டாலும் ரெண்டு புள்ளி, அங்கேருந்து போட்டாலும் ரெண்டு புள்ளி. அப்புறம் எதுக்கு இந்த வித்தையெல்லாம்? ஏணிகிட்ட குடு!"

கொசு கொடுத்தாள். அந்த அணி கோப்பை வாங்கியது. சுவரொட்டியில் ஏணியின் படம் வந்தது. அவள் இடுப்புக்கருகே யாரோ ஒருத்தியின் அரை முகம் தெரிந்தது, அது கொசு.

கொஞ்ச காலத்தில் கொசுவின் முழங்காலில் தசைநார் பிய்ந்தது. அவள் ஆட்டத்தை விட்டுவிட்டுப் புருஷனோடு பேக்கரி வைத்தாள். அதற்கு அடுத்த பருவத்தில்தான் லீக்கில் அந்தக் கோட்டைப் போட்டார்கள். வளையத்தைச் சுற்றி வில் மாதிரி ஒரு கோடு. அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி. ஏணி இன்னும் சில வருடம் ஆடினாள். மற்றவர்கள் வெளியே நின்றே எறியத் தொடங்கியதும் அவள் கைக்குப் பந்து வருவது குறைந்தது. பிறகு அவளுக்குக் கிடைத்த இடம் பெஞ்ச். அதன் பிறகு கார்.

தோழமை மட்டும் தொடர்ந்தது. காலை வகுப்பு முடிந்ததும் பேக்கரியின் பின்கட்டில் மாவுச் சாக்குகளுக்கு நடுவே இருவரும் டீ குடிப்பார்கள். அங்கே இந்தக் காலத்து ஆட்டத்தைத் திட்டுவது கொசுவின் வேலை. கேட்பது ஏணியின் வேலை. "தொட்டா விசில், முறைச்சா விசில். இதுங்க விளையாடுறது பாஸ்கெட்பால் இல்லடி, சர்க்கஸ்" என்பாள் கொசு. ஆனால் அரங்குக்கு அவள் ஒருநாளும் வந்ததில்லை. கடையில் தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால் சேனலை மாற்றிவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் விளையாட்டுச் சேனலிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கால ஆட்டமா, இந்தக் கால ஆட்டமா என்று ஒரு விவாதம். பழைய பக்கத்துக்கு ஏணியும் கொசுவும். புதிய பக்கத்துக்கு இப்போதைய அணியின் நட்சத்திர ஆட்டக்காரியும் அவளுடைய பயிற்சியாளரும். அந்தப் பெண்ணை எல்லோரும் அவள் சட்டை எண்ணை வைத்து இருபத்தொன்று என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒப்பனை அறையில் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "மேடம், சும்மா மரியாதையா பேசிக்கிட்டா யாரும் பாக்க மாட்டாங்க. கொஞ்சம் காரமா போகணும்."

"அதுக்குத்தான் இவ இருக்காளே" என்று ஏணி கொசுவைக் காட்டினாள்.

கொசு ஏமாற்றவில்லை. விளக்குகள் எரிந்ததுமே பிடித்துக்கொண்டாள். தாங்கள் சிமெண்ட் தரையில் ஆடியது, விழுந்தால் தோல் உரிந்தது, முழங்கை இடித்துப் பல் ஆடியபோதும் களத்தைவிட்டு வெளியே வராதது என்று அடுக்கினாள். ஏணியும் தலையாட்டினாள். எல்லாம் நடந்ததுதானே?

அப்போது திரையில் ஒரு பழைய காட்சியைப் போட்டார்கள். அவர்கள் கோப்பை வாங்கிய இறுதி ஆட்டம். ஏணி அந்தப் பதிவை இதுவரை பார்த்ததே இல்லை. மனசுக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது; அதில் அவள் புலி மாதிரி பாய்ந்துகொண்டிருந்தாள். திரையில் இருந்தவளோ வளையத்தடியில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"ஐயோ, என்ன இது, நான் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறேன்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அரங்கம் சிரித்தது. கொசு மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

ஏணிக்குச் சிரிப்பு நிற்கவில்லை. ஆனால் கண் வேறொன்றில் மாட்டிக்கொண்டது. திரையில் கொசு எறிகிறாள். இன்றைக்குக் கோடு இருக்கிற இடத்துக்கும் இரண்டடி பின்னாலிருந்து. விழுகிறது. மறுபடி, இந்த முறை ஒருத்தி கையை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கும்போதே எறிகிறாள். அதுவும் விழுகிறது.

"உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் ஏணி. "இந்தப் பொண்ணுங்க எங்களைவிட நல்லா ஆடுறாங்க. வேகம், ஓட்டம், கைப்பழக்கம் எல்லாத்துலயும். இவங்க பெஞ்ச்ல உக்காந்திருக்கிறவகூட என்னைச் சுத்திட்டுப் போயிடுவா. எங்க காலத்துல விதி எனக்குச் சாதகமா இருந்துச்சு, அதனால நான் ஸ்டார். இன்னிக்கு விதியில அந்த ஆட்டம் நடந்திருந்தா, சுவரொட்டியில இருக்க வேண்டியவ இதோ பக்கத்துல உக்காந்திருக்கா."

இருபத்தொன்றுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கரெக்டா சொன்னீங்க ஆன்டி. அப்போ எல்லாம் ஒரு ஹாபி மாதிரிதானே?"

ஏணி மெதுவாகத் திரும்பினாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் சிவப்பு விளக்கைத் தாண்டும்போது அவள் முகத்தில் வருவது அப்போது வந்தது.

"ஹாபியா? ஏம்மா, உன் கால்ல இருக்கிற அந்த ஷூவைக் கழட்டி வெச்சுட்டு, எங்க தரையில வந்து ஆடு. முழங்காலுக்கு டாக்டர் கிடையாது, ஐஸ் கட்டி மட்டும்தான். அப்பவும் நீ நல்லாத்தான் ஆடுவே, எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு உன் ஜிம்மும் உன் சாப்பாடும் குடுத்திருந்தா நான் எப்படி ஆடியிருப்பேன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைச் சின்னதா பேசாதே."

அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாரி அக்கா" என்றாள். ஆன்டி ஒரே நொடியில் அக்காவானதில் ஏணிக்கு உள்ளூரத் திருப்திதான்.

நிகழ்ச்சி நன்றாகப் போனதென்று தயாரிப்பாளர் குதித்தார். கொசு ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

மறுநாள் பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கொசுவின் புருஷன் கடை வாசலிலேயே ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து, "அவ கணக்கு பாத்துட்டு இருக்கா" என்றார். அவள் எந்தக் காலத்தில் கணக்குப் பார்த்தாள்?

வீட்டில் தையல்காரர் பித்தான் தைத்தபடியே கேட்டார்: "நீ அவளைப் புகழ்ந்துதானே பேசினே?"

"ஆமா."

"அப்போ எதுக்குக் கோபம்?"

"அதான் தெரியல."

"தெரியலைன்னா போய்க் கேளு. இங்க நின்னு என் வெளிச்சத்தை மறைக்காதே."

மன்னிப்புக் கேட்கிற எண்ணம் ஏணிக்கு இல்லை. சொன்னது உண்மை, அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு தோழியை விட்டுவிடவும் முடியாது. அன்று காலை வகுப்புக்கு வந்தவள் ஒரு வங்கி ஊழியை. ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே கண்ணை இறுக்கிக்கொள்கிறவள். அவளிடம், "இன்னிக்குக் கடைத்தெருவுல ஓட்டப் பழகலாம்" என்று சொல்லி, நேரே பேக்கரிக்கு விடச் சொன்னாள். வண்டி கடை வாசலில், ஒரு சக்கரம் நடைபாதையில், ஒரு சக்கரம் தெருவில் என்று நின்றது. ஏணி தன் பக்கத்து பிரேக்கை மிதித்திருக்காவிட்டால் கண்ணாடி அலமாரிக்குள்ளேயே போயிருக்கும்.

சத்தம் கேட்டுக் கொசு மாவுக் கையோடு வெளியே ஓடி வந்தாள். "யாருடா அது?" என்று கத்தியவள், காரிலிருந்து மடிப்பு மடிப்பாக ஏணி வெளியே வருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"வண்டியை இங்கேருந்து எடுக்கிற வரைக்கும் என்னைத் துரத்த முடியாது" என்றாள் ஏணி. "அந்தப் பொண்ணுக்கு ரிவர்ஸ் இன்னும் சொல்லிக் குடுக்கல."

பின்கட்டில் கொசு டீ போடவில்லை. மாவைப் பலகையில் அறைந்தாள்.

"டிவியில உக்காந்து என்னைத் துரதிர்ஷ்டக்காரின்னு சொல்லிட்டே."

"நீதான் ஸ்டார்னு சொன்னேன்!"

"ரெண்டும் ஒண்ணுதாண்டி." கொசுவின் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? நான் போன மறுவருஷம் கோடு போட்டாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் பாக்காம இருந்தேன். அந்தக் காலம்தான் உசத்தி, இது சர்க்கஸ்னு சொல்லிட்டு இருந்தா நான் எதையும் இழக்கல. இந்த ஆட்டம்தான் உசத்தின்னா, நான் எவ்ளோ இழந்தேன் பாரு."

ஏணிக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் திட்டு அல்ல. கதவைச் சாத்தி வைக்க ஒருத்தி முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறாள்.

"நானும் இழந்தேன்" என்றாள். "நீ அப்போ அணியில இல்ல, அதனால உனக்குத் தெரியாது. அந்தக் கோடு வந்துதான் என்னை பெஞ்ச்ல உக்கார வெச்சுது. மூணு பருவம் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கை தட்டினேன். ஒவ்வொருத்தியும் வெளியேருந்து போடும்போது, 'இதை இவங்களுக்கு முன்னாடி ஒருத்தி போட்டா, அப்போ இதுக்குக் கணக்கு இல்ல'ன்னு நினைச்சுப்பேன். கோபமே வரல. ஆட்டம் அழகாயிடுச்சுடி. அதுக்கு நான் என்ன பண்ண?"

கொசு மாவைப் பிசைவதை நிறுத்தினாள். பிறகு, "கோடு எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா, அதில் ஆடுகளம். வங்கி ஊழியை ஏணியின் அதட்டலில் காரைப் பின்னுக்கு எடுக்க, மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஓரமாகக் கிடந்த, காற்றுப் பாதி போன பந்து ஒன்று கிடைத்தது. கொசு ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். மணிக்கட்டு பழைய மாதிரியே வளைந்தது. பந்து அழகாக எழும்பி, வளையத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. மறுபடி எறிந்தாள். மறுபடியும் முன்னாலேயே விழுந்தது. எத்தனை எறிந்தும் ஒன்றுகூட வளையத்தை உரசவில்லை.

ஏணி பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஆறுதல் சொல்லவில்லை.

"கை மறக்கல" என்றாள் கொசு, மூச்சு வாங்க. "தோள்தான் மறந்துடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. "ஆனா கோடு நான் நினைச்ச அளவு தூரம் இல்லடி. இதைவிடப் பின்னாலேருந்து போட்டிருக்கேன்."

"நான்தான் திரையில பாத்தேனே."

அந்த வாரக் கடைசியில் கொசு முதல்முறையாக அரங்குக்கு வந்தாள். முதல் பாதி முழுக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு இறுக்கமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் பாதியில் இருபத்தொன்று இருவர் கைகளுக்கு மேலாக வெளியிலிருந்து எறிந்த பந்து வலையில் இறங்கியபோது, எழுந்து நின்று போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரரின் பாப்கார்ன் கொட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்காமல், "பாத்தீங்களா, இடது காலை முன்னால வெச்சா பாருங்க!" என்று அவருக்கே விளக்கம் சொன்னாள். ஆட்டம் முடிந்ததும் இருபத்தொன்று அவர்கள் இருந்த இடத்துக்கே வந்தாள். அந்த இறுதி ஆட்டத்தைத் தானும் முழுசாகப் பார்த்துவிட்டதாகக் கொசுவிடம் சொன்னாள். "அந்தக் காலத்துக் கனமான பந்தை வெச்சு அவ்ளோ தூரமா? என்னால முடியாதுக்கா." கொசு வீடு வரை பேசவே இல்லை. அவள் பேசாமல் இருப்பது சந்தோஷத்திலும் நடக்கும் என்று ஏணி அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

சேனல்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். போன முறை சண்டை நன்றாக இருந்ததாம். விளக்குகள் எரிந்ததும் தயாரிப்பாளர் கொசுவுக்குச் சைகை காட்டினார்.

"இந்தக் காலத்து ஆட்டம்தான் ஆட்டம்" என்று ஆரம்பித்தாள் கொசு. "இது என் ஆட்டம். நான் முன்னாடியே வந்துட்டேன், அவ்ளோதான். பழைய காலம்னா அது இவதான். நின்னுட்டே கோப்பை வாங்கினவ."

தயாரிப்பாளர் காகிதத்தைப் புரட்டி, பக்கம் மாறிவிட்டதோ என்று தேடினார்.

"அது சரி" என்றாள் ஏணி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "ஆனா வளையத்தடியில முதுகைக் குடுத்து எடம் பிடிக்கிறது எப்படின்னு இன்னிக்கு ஒருத்திக்கும் தெரியாது. அதை மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"ஆரம்பிச்சுட்டா பாருங்க" என்றாள் கொசு.