செபத்தின் நடுவே தட்டிய கதவு

பிரதமர் தம் சீக்கியக் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள். ஜனக்புரியில் எங்கள் ஜன்னல் வழியே கரும்புகை தெரிந்தது. நான் அவிலா புனித தெரேசாள் படத்தின் முன் மண்டியிட்டிருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுச் சீக்கியப் பெண் குர்மீத்தின் குரல்.

“பெஹன்ஜி, ஜல்தி தர்வாஜா கோலோ!” சீக்கிரம் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினார். குழந்தைகளின் அழுகையும் கேட்டது.

“அந்தம்மா கூப்பிடுறது கேக்கலையா?” என்றார், காய்ச்சலில் படுத்திருந்த கணவர்.

“செபத்துல இருக்கேன்.”

மறுபடியும் தட்டினார். பக்கத்தில் ஒருவர் துன்பப்பட்டால் செபத்தை விட்டு எழுந்து போகும்படி தம் மடத்துக் கன்னியருக்குக் கற்பித்தவர் தெரேசாள். நானோ பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன். ஓடிப்போய்த் திறந்தேன். யாருமில்லை. தெருமுனையில், சீக்கியரைத் தேடிவந்த கும்பலின் கூச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்துத்தான், மாடிவீட்டார் அவர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது தெரிந்தது. குர்மீத் என்னைப் பார்த்து எப்போதும்போல் சிரித்தார். ஏன் திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.