கலாஜினியின் கொமர்ஸ் மகள்

கலாஜினி பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. கந்தோரில் லீவு எடுப்பதற்குக்கூட வராத காய்ச்சலை வந்ததாகச் சொல்லமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரேயொரு சொல்லைச் சொன்னாள். அதைக் காப்பாற்றுவதற்காகப் பிறகு சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை.

வீடு நாவற்குடாவில். வேலை மட்டக்களப்பு டவுனில், ஓர் அரச கந்தோரில். கணவன் கோகுலராஜ் பஸ் சாரதி. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலைக்கும் டவுனுக்கும் இடையில் நாள்முழுக்க ஓடுகிறவன். ஒரே பிள்ளை நிருஷா.

நிருஷா பத்தாம் வகுப்புக்கு வந்தபோது விருப்பப் பாடங்களைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம் இவற்றில் ஒன்று. விவசாயம், மனைப்பொருளியல், கைப்பணி என்று இன்னொரு பக்கத்தில் ஒன்று. நடனம் என்று முடிவெடுத்தது கலாஜினிதான். அவள் படித்த காலம் சண்டைக்காலம். பின்னேர வகுப்புக்குப் பெண்பிள்ளையை அனுப்ப வீட்டில் பயம். தான் கட்டாத சலங்கையை மகள் கட்டட்டும் என்று நினைத்தாள்.

நிருஷாவின் ஆட்டம் சுமார். எப்போதும் பின்வரிசைதான். ஆனால் கலைவிழா வந்தால் மேடைக்குப் பின்னால் அவளைச் சுற்றித்தான் கூட்டம். வேர்வையில் மை கரையாமல் கண் எழுதுவாள். ஒடுங்கிய முகத்துக்கு ஒரு மாதிரி, உருண்ட முகத்துக்கு வேறு மாதிரி புருவம் வைப்பாள். நடன ரீச்சரே தன் முகத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். கலாஜினி எல்லாவற்றையும் படம் எடுத்து முகநூலில் போட்டாள். ‘என் செல்ல மகளின் கைவண்ணம்’ என்று எழுதினாள். அந்த நாட்களில் மை தொட்ட விரல்களில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையின் பெறுபேறு வந்தது. நடனத்துக்கு ஏ. மனைப்பொருளியலுக்கு பி. கணிதம் இல்லை. அடுத்த முறையும் எழுதினாள், அப்போதும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தொழிற்பாடப் பிரிவு இருந்தது. கணிதம் தவறியவர்களும் ஏ.எல். படிப்பவர்களைப் போலப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய் ஒரு தொழிலைப் படிக்கலாம். நிருஷா ஓடிவந்தாள்.

“அம்மா, அழகுக்கலையும் இருக்காம். நான் அதுக்குத்தான் போகப்போறன்.”

“மற்றவையின்ட மயிர் வெட்டுறதுக்கா உன்னைப் பெத்து வளத்தன்?” என்றாள் கலாஜினி.

நிருஷாவின் முகம் விழுந்தது. கோகுலராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “அவ ஆசைப்படுறதைப் படிக்கட்டும், கலா,” என்றான். அடுத்த நாள் அவனே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அந்தக் கிழமையில்தான் அந்தச் சொல். கலாஜினியின் பகுதிக்குப் பொறுப்பான கனகசூரியம் சேர் சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி கேட்டார். “மகள் ஏ.எல். என்ன பிரிவு, மிஸ்?”

“கொமர்ஸ், சேர்.”

நாக்கு மனதைக் கேட்கவில்லை. சொல்லி முடித்தபோது மேசையில் இருந்த எல்லோரும் நல்லது என்று தலையாட்டினார்கள். அவளுக்கும் அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது. சேரின் மகன் கொமர்ஸ் படித்தவன். மறுநாள் அவனுடைய கணக்கியல் புத்தகங்களைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். கலாஜினி நன்றி சொல்லி வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், அலுமாரிக்கு மேலே பழைய போர்வைக்குள் செருகினாள். பிறகு ரியூஷன் எங்கே, ரீச்சர் ஆர், தவணைப் பரீட்சை எப்படி என்று கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முகநூலில் இருந்த மேடைப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். மகள் கண் எழுதிக்கொண்டிருந்த படத்தில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. அதையும் அழித்தாள்.

நிருஷா பதின்மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது பயிற்சிக்காகப் பார்லருக்கு அனுப்பினார்கள். காத்தான்குடியைச் சேர்ந்த றஸீனா என்பவருக்குக் கல்லடியில் ஒன்றும் டவுனில் ஒன்றுமாக இரண்டு பார்லர்கள். நிருஷா கல்லடியில். அது கலாஜினிக்கு வசதியாக இருந்தது. கந்தோர்ப் பெண்கள் போவது டவுன் பார்லருக்கு.

அந்த வருடம் சுலோஜனா கல்முனையிலிருந்து இடமாற்றம் பெற்று வந்து கலாஜினிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். கலகலப்பானவள், கை தாராளம். கொண்டுவரும் கறியில் பாதி கலாஜினியின் சோற்றுக் கோப்பைக்குத்தான் போகும். அவளுடைய மகள் விதுர்ஷாவுக்குக் கலியாணம் சரிவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, “கலாஜினி, வாங்க கா. பொம்பிளை சோடிக்கிறதுக்கு றஸீனாட்ட கதைச்சிட்டு, கால் ரெண்டும் வெடிச்சுக் கிடக்கு, அதையும் செய்துகொண்டு வருவம்,” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

டவுன் பார்லரின் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனபோது, துவாய்களை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நிருஷா.

கறுப்புச் சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை. தாயைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. கலாஜினி பார்த்த பார்வையில் அந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. என்ன பார்வை பார்த்தாள் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். கண்ணாடி எதிரிலேயே இருந்தும் அந்தப் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவு வரவில்லை.

றஸீனா சுலோஜனாவைக் கதிரையில் இருத்தினார். “தங்கச்சி, மிஸ்ஸின்ட காலைப் பாருங்க. கை பதமான புள்ள, மிஸ்,” என்றார். நிருஷா சிறிய முக்காலியைப் போட்டுக் குந்தினாள். இளஞ்சூட்டு நீரில் சுலோஜனாவின் கால்களை வைத்து, ஒரு காலை எடுத்துத் தன் மடியில் விரித்த துவாயில் வைத்து, குதியைத் தேய்க்கத் தொடங்கினாள். கலாஜினி பக்கத்துக் கதிரையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஊர் தங்கச்சி?” என்று சுலோஜனா கேட்டாள்.

“நாவற்குடா, மிஸ்.”

“அடி! உங்கட ஊர்ப் புள்ள, கலாஜினி. தெரியாதா?”

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். என்ட மகள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். சுலோஜனாவும் சிரித்திருப்பாள்.

“நாவற்குடா பெரிய இடமெல்லோ,” என்றாள் கலாஜினி. “நான் காணல்ல.”

தேய்த்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. அதுதான் கலாஜினிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கணமாவது நின்றிருக்கலாம்.

“அப்பா என்ன செய்யிறார், புள்ள?”

“பஸ் ஓடுறவர், மிஸ்.”

“அம்மா?”

நிருஷா காலைத் துடைத்தாள். “அம்மா வீட்டில, மிஸ்,” என்றாள்.

தாயைக் காப்பாற்றிவிட்டாள். போகும்போது சுலோஜனா அவள் கைக்குள் ஒரு காசுத் தாளை வைத்து அழுத்தினாள். நிருஷா இரண்டு கையாலும் வாங்கினாள். ஓட்டோவில் ஏறியதும் சுலோஜனா சொன்னாள்: “பாவம் கா. படிப்பு ஏறாட்டி இப்பிடித்தான் ஆற்றயோ காலைப் பிடிக்க வேணும். உங்கட மகள் கொமர்ஸ். நீங்க குடுத்து வச்சனீங்க.” ஓட்டோ வாவிக்கரையோரமாகப் போனது. கலாஜினி தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுலோஜனா மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

அன்று பின்னேரம் நிருஷா வழக்கம்போல வந்து, குளித்து, தேத்தண்ணி ஊற்றினாள். தாய்க்கும் ஒரு கோப்பை வைத்தாள்.

“நீ இண்டைக்கு டவுனுக்கு வருவாய் எண்டு எனக்குத் தெரியாது,” என்றாள் கலாஜினி.

“அங்க ஆள் காணாதெண்டு கூப்பிட்டவங்க. காலையில சொன்னனான் அம்மா. நீங்க போனில கதைச்சுக்கொண்டு நிண்டீங்க.”

“அந்த மிஸ் புதுசு... சட்டெண்டு எனக்கு...”

“நான் ஆருக்கும் சொல்லமாட்டன்,” என்றாள் நிருஷா. “அப்பாக்கும் சொல்லல்ல. நீங்க பயப்படாதீங்க.”

கோபம் இல்லாமல், நோயாளியைத் தேற்றுவது போலத்தான் சொன்னாள். கலாஜினி தேத்தண்ணியைக் குடிக்காமல் குசினிக்குள் போனாள். அரிசி ஏற்கெனவே கழுவி இருந்தது. இன்னொரு தடவை கழுவினாள்.

கலியாணத்துக்கான அழைப்பு குடும்பத்தோடு வரச் சொல்லித்தான் வந்தது. “கந்தோர் ஆக்கள் மட்டும்தான் போறம். நீங்க லீவு எடுக்கத் தேவையில்ல,” என்று கணவனிடம் சொன்னாள். நிருஷா அதைக் கேட்டுக்கொண்டே சேலை ஊசிகளை ஒரு டப்பாவில் அடுக்கினாள். றஸீனாவோடு அவளும் அதே கலியாணத்துக்குச் சோடிக்கப் போகிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாயும் மகளும் ஒரே மண்டபத்துக்கு வேறு வேறாகப் போனார்கள்.

விதுர்ஷா மணவறைக்கு வந்தபோது மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. கூறைச்சேலையின் மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முகத்தில் பூசியதே தெரியவில்லை. விதுர்ஷாவே இன்னும் நல்ல விதுர்ஷாவாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடையில் பின்னலில் பூட்டியிருந்த சடைநாகம் சரியத் தொடங்கியது. நிருஷா குனிந்தபடி விறுவிறென்று மேடைக்குப் போய், விருந்தாளிகளுக்கு மறைப்பில்லாமல் பின்பக்கமாக நின்று, இரண்டு ஊசியில் அதை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

கந்தோர்ப் பெண்கள் இருந்த வரிசைக்குச் சுலோஜனா வந்தாள். “எப்பிடிக் கா எங்கட பொம்பிளை?”

“ஆர் சோடிச்சது?” என்று ஒருத்தி கேட்டாள். “முகத்தை என்ன மாதிரிச் செய்திருக்கு!”

“றஸீனாதான் பொறுப்பு. முகம் முழுக்க அந்தச் சின்னப் புள்ளையின்ட கை.”

“அது என்ட மகள்,” என்றாள் கலாஜினி.

எல்லோரும் திரும்பினார்கள். சுலோஜனா சிரிப்பு மாறாமலே, “எது கா?” என்றாள்.

“அந்தப் புள்ள. நிருஷா. என்ட மகள். கொமர்ஸ் படிக்கல்ல. இதுதான் படிக்கிறா.”

சுலோஜனாவின் முகத்தில் சிரிப்பு மெல்லக் கலைந்தது. “அண்டைக்கு நான் கேட்டனானே...”

“ஓம். கேட்டீங்க.”

“என்ட காலை அந்தப் புள்ளையின்ட மடியில வச்சிருந்தனே கா. கையில தாளையும் குடுத்தன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் அவளைத் தூக்கிக் கட்டிப் பிடிச்சிருப்பனே.” அவளுடைய கழுத்துச் சிவந்துபோயிருந்தது. “என்னையும் சேத்தெல்லோ வெக்கப்படுத்திப் போட்டீங்க.”

அதோடு விட்டிருக்கலாம். சுலோஜனா அப்படி விடுகிறவள் அல்ல. நிருஷாவைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, “இது எங்கட கலாஜினியின்ட மகள்!” என்று மண்டபத்துக்கே கேட்கச் சொல்லி, படம் எடுக்கிறவனை அழைத்து, தாயையும் மகளையும் ஒன்றாக நிறுத்தினாள். நிருஷா அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவள் போல நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மண்டபத்துக்குப் பின்னால், பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் கலாஜினி போனாள். “எனக்குப் பெருமையா இருந்திச்சு, மகள்,” என்றாள்.

“எல்லாரும் நல்லா இருக்கெண்டு சொன்ன பிறகா?”

கலாஜினி ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனாள்.

“நான் கால் கழுவக்குள்ள சொல்லியிருந்தீங்கண்டா,” என்று தொடங்கிய நிருஷா அதை முடிக்கவில்லை. பெட்டியின் கொளுவியைப் போட்டாள். “றஸீனா அக்கா பாத்துக்கொண்டு நிப்பா. போயிட்டு வாறன்.”

அன்றிரவு கலாஜினி கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பார்லரில் சொன்னதையும் மறைக்கவில்லை. கோகுலராஜ் அவளை ஏசவில்லை. “நான் பஸ்ஸில ஏறுற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறனான், கலா,” என்றான். “படுவான்கரையில பாதிப் பேருக்குத் தெரியும், என்ட மகள் பொம்பிளை சோடிக்கப் படிக்கிறா எண்டு. கலியாணம் சரிவந்தா என்னட்டத்தான் வந்து கேக்கிறாங்க.”

அவள் இத்தனை காலம் வெளிச்சுவரைக் கட்டிக் காத்த வீட்டுக்குப் பின்பக்கம் வேலியே இருக்கவில்லை.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போகக் கால் வரவில்லை. எல்லோரும் கூடிச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி புருவம் திருத்த எத்தனை மணிக்கு வந்தால் நிருஷா இருப்பாள் என்று கேட்டாள். காவலாளி வந்து, தன் மகனுக்கும் கணிதம் தவறிவிட்டது, அந்தப் பிரிவில் மோட்டார் திருத்துகிற படிப்பு இருக்கிறதா என்று விசாரித்தான். கனகசூரியம் சேர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அந்தப் புத்தகங்களை வேற ஆருக்கும் குடுக்கலாமே, மிஸ்,” என்றார். சுலோஜனா வழக்கம்போலக் கறி பகிர்ந்தாள். கதை மட்டும் முந்தி மாதிரி வரவில்லை.

இவ்வளவுதானா என்று கலாஜினிக்கு இருந்தது. யாருமே கேட்காத மானத்தைக் காக்கத்தான் அவள் பிள்ளையைத் தெரியாது என்றிருக்கிறாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த ஒரு சொல்லுக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

நிருஷா படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்று, இப்போது றஸீனாவிடமே வேலை செய்கிறாள். தாயோடு சண்டை இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பாள். போன மாதம் தாயின் நரைத்த தலைக்கு மைகூடப் பூசிவிட்டாள். கழுத்தில் ஒரு துளி படாமல், அவ்வளவு பக்குவமாக. ஆனால் வேலையைப் பற்றித் தாயிடம் வாய் திறப்பதில்லை. எந்த ஊர்ப் பொம்பிளை, என்ன நிறச் சேலை, எங்கே கரைச்சல் வந்தது என்பதையெல்லாம் பின்னேரத்தில் முன்வாசலில் இருந்து தகப்பனுக்குச் சொல்வாள். இருவரும் சிரிப்பது குசினிக்குக் கேட்கும். கலாஜினி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள்.