வள்ளியாத்தாளின் மோட்டார் பெட்டி

எழுபதுகளின் பிற்பாதியில் பெருமாட்டி கிராமத்தில், மூன்று கம்பிகளில் வரும் கரண்டில் ஒரு ஃபேஸ் போனாலே கிணற்று மோட்டார் கருகிவிடும். ஐ.டி.ஐ.யில் ரேடியோ வேலை படித்த வள்ளியாத்தாள், கருகுமுன் மோட்டாரை நிறுத்திவிடும் பெட்டி ஒன்றைச் செய்தாள். சோதித்துப் பார்க்கத் தன் மோட்டாரைத் தர எந்தத் தோட்டக்காரரும் துணியவில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பக்கத்து ஊரான சித்தூரில் மெக்கானிக்குகள் ஞாயிறுதோறும் கூடும் டீக்கடைக்கே போய்க் கேட்டாள். கருகிய மோட்டார்களுக்குக் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் ஆறுச்சாமி தன் மோட்டாரைத் தருவதாகச் சொன்னார். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தொழிற்பேட்டையின் அதிகாரி குரியன், சோதனைக்காகக் காலி ஷெட் ஒன்றைத் திறந்துவிட்டார்.

எல்லோரும் சூழ்ந்து நிற்க, பெட்டியை மாட்டி ஓடவிட்ட மோட்டாரில் ஒரு ஃபேஸ் போகும்படி ஒரு ஃபியூஸைப் பிடுங்கினார்கள். மோட்டார் நிற்காமல் உறுமியது. கருகல் வாடை வந்தது. ஆறுச்சாமி பாய்ந்து சுவிட்சை அணைத்தார். வள்ளியாத்தாள் பெட்டியைக் கழற்றப் போனாள்.

"கருகுனா நானே கட்டிக்குவனுங்க. நீங்க மறுக்காப் பாருங்க" என்றார் ஆறுச்சாமி.

"இது சரியாயிருச்சுன்னா உங்க கடைக்கு மோட்டாரே வராதுங்களே?"

"அதை அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல இது நிக்கட்டும்."

பெட்டிக்குள் கரண்டைத் துண்டிக்கும் ரிலேயின் ஸ்பிரிங் இறுகியிருப்பதை கூட்டத்திலிருந்த ரேடியோ கடைக்காரர் ஒருவர் காட்டினார். அவள் தளர்த்தினாள். மறுபடி ஃபியூஸைப் பிடுங்கியதும் மோட்டார் டக்கென்று நின்றது.

"இந்த ஷெட்டு இனி உங்களுக்குத்தான்" என்றார் குரியன்.

முதல் பெட்டியை ஆறுச்சாமியின் மச்சான் தோப்பில் மாட்டினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க, கரண்ட் போய் வரும்போதெல்லாம் வள்ளியாத்தாள் சைக்கிளில் அங்கே விரைந்தாள். மோட்டார் ஒருமுறைகூடக் கருகவில்லை. ஆனாலும் வானம் கறுத்தால் அவளால் ஷெட்டில் உட்கார முடியவில்லை.