பொட்டு வைத்த வெள்ளைக்காரர்

எங்கள் வீட்டில் அமாவாசைதோறும் ஒரு வெள்ளைக்காரருக்குப் படையல் நடந்தது. இதைச் சொன்னால் இப்போது என் பிள்ளைகளே நம்புவதில்லை.

அப்பா அப்போது மண்ணரை என்ற ஊரில் பனியன் துணிக்குப் பிரிண்டிங் போடும் பட்டறை வைத்திருந்தார். ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு பையர், போகும்போது கையகலப் படம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். செப்புத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்டது, இருநூறு வருஷப் பழசு என்றாராம். கழுத்தில் துணி சுற்றிய ஒரு கிழவர் கும்மிருட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். இழை எண்ணும் லென்ஸை வைத்து அப்பா அதைத் துருவித் துருவிப் பார்த்தார். புள்ளியும் இல்லை, கோடும் இல்லை, கறுப்பு எப்படி இவ்வளவு மெதுவாக முகமாகிறது என்று அவருக்குத் தூக்கமே போனது.

அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் இல்லை. அந்த மனுஷர் தன் பாட்டனார் படத்தைத்தான் நம்மை நம்பிக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள். சட்டம் போட்டு மாட்டி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, மேலே சிவப்பு பல்பும் மாட்டிவிட்டாள். அம்மாவின் அப்பா, என் அப்புச்சி, ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் நான் பிறப்பதற்கு முன்பே போனவர். ஆகவே எங்கள் வீட்டில் மாலை விழுந்த முதல் படம் இதுதான்.

அடுத்த வருஷம் பையர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மாலையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஆர்டர் போச்சு என்று அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. பழைய சாமான் கடையில் வாங்கியது, யாரென்று தனக்கும் தெரியாது என்றார் அவர். அவர் கார் கிளம்பியதும், ஊரே சிரிக்கும் என்று அப்பா படத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏறினார்.

அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கும் சொந்தமில்லீன்னா நம்மூட்டுலயே இருக்கட்டுங்க. மாலையக் கழட்டாதீங்க."

அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். பள்ளிக்கூடத்தில் கேலி வாங்குவது நான்தானே, எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது.

ஆடி அமாவாசைக்கு அம்மாவின் அண்ணன் சேவூரிலிருந்து வந்தார். படத்தின் முன் வாழையிலையில் அரிசியும்பருப்புஞ் சாதம், கத்திரிக்காய்ப் பொரியல், ஓரத்தில் மூக்குப்பொடி மட்டை ஒன்று. எங்கள் வீட்டில் பொடி போடுகிறவர் யாருமில்லை. வெள்ளைக்காரர்கள் போடுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். மாமா வெகுநேரம் இலையையே பார்த்தார்.

"பொடியக்கூட மறக்கலியே அம்மிணி," என்று அம்மாவின் தலையில் கை வைத்தார். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

பொடி பறந்து கண்ணில் விழுந்துவிட்டதென்று, நான் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன்.