கப்பல் தேரையும் என் லைன் கிளியரும்

அந்தோணி தோள்வரை கையை மதகுக்குள் விட்டிருந்தான். விடச் சொன்னவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் போகப் போக வேறு யார் தலையிலாவது பழியைப் போடத் தோன்றும்.

சப்பான்காரன் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன், கிள்ளானில் கொசு மருந்து கேங்கில் இருந்தேன். லோங்காங்கு என்கிற சாக்கடைக் கால்வாய்களில் அடைப்பு எடுத்து, தேங்கிய தண்ணீரில் எண்ணெய் தெளிப்பது வேலை. அதற்கு முன் பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகையில் இருந்தவன் என்பதால், பாதையில் தடையில்லை என்பதற்கு அங்கே சொல்லும் 'லைன் கிளியர்' என்ற சொல்லையும் கூடவே கொண்டுவந்தேன். நான் குச்சியால் கரையைத் தட்டிக்கொண்டு முன்னால் போவேன். நான் அதைச் சொன்ன பிறகுதான் பின்னால் வருகிற அந்தோணி தண்ணீரில் கை வைப்பான்.

எனக்குத் துப்பு கொடுப்பவை தவளைகள். ஆள் வந்தால் ஊர்த் தவளை கரையிலிருந்து தண்ணீருக்குள் தாவும். தண்ணீரில் பாம்பு இருந்தாலோ, ஆளாவது ஒன்றாவது என்று நம் கால்மேலேயே வந்து விழும். இந்த அடையாளம் ஒருநாளும் பொய்த்ததில்லை. எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது.

அந்த வருடம் ஒரு துரை, தோட்டத்துப் பூச்சியைத் தின்னும் என்று எங்கிருந்தோ பெரிய தேரைகளைக் கப்பலில் வரவழைத்துப் பங்களாக் குளத்தில் விட்டார். மழை வெள்ளத்தில் அவை வெளியேறிப் பக்கத்து லோங்காங்குகளில் குடியேறின. 'கப்பல் தேரை' என்போம். அவை வந்த இடத்தில் ஊர்த் தவளை குறைந்துபோனது. அதைப் பார்த்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அன்று பங்களாவுக்குக் கீழே மதகு அடைத்துக்கொண்டது. தட்டினேன். எதுவும் கரைக்கு ஏறவில்லை.

"லைன் கிளியர்!"

"சீக்கிரம் லா! தொரை வர்ற நேரம்," என்று கேங்கை மேய்க்கும் மண்டோர் விரட்டினார்.

அந்தோணி குப்புறப் படுத்துக் கையை விட்டான். "எல நெறைய இருக்குண்ணே. உள்ள என்னமோ மெத்துன்னு கெடக்கு, ஈரச் சாக்கு மாதிரி."

அப்போதுதான் உறைத்தது. கரைக்கு எதுவும் ஏறவில்லை, சரி. தண்ணீரில் குதித்த சத்தமும் கேட்கவில்லையே! அங்கே ஊர்த் தவளையே இல்லை. குனிந்து பார்த்தேன். மதகு வாயின் ஓரத்தில் மூன்று கப்பல் தேரைகள். உடம்பை உப்பி, நாலு காலையும் விறைத்து, தலையைக் கவிழ்த்து நின்றன. மூன்றும் என்னைப் பார்க்கவில்லை, மதகுக்குள் பார்த்தன.

சத்தமில்லாமல் குச்சியைக் கீழே வைத்தேன்.

"அந்தோணி, கைய மெதுவா எடு."

"ஏண்ணே?"

"கேக்காத. மெதுவா."

முழங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. விரல்கள் வெளியே வந்ததும் உள்ளே சீறியது. எண்ணெய்த் தகரத்தை மதகு வாயில் வைத்து அடைத்தேன். 'டங்'கென்று கொத்து விழுந்தது. தகரத்தின் ஓர இடுக்கில் எட்டிப் பார்த்த மண்டோர், "நாகம்டா!" என்று பின்னால் பாய்ந்தார். தேரைகள் அப்போதும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அந்தோணி தரையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, மெத்துன்னு இருந்தா கைய எடுக்க வேணாமா?" என்று கத்தினேன். பயத்தில் வந்த கோபம்.

"நீங்கதான் லைன் கிளியர் சொல்லிட்டீங்களேண்ணே," என்றான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் திட்டியிருந்தால் தேவலாம்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். பயந்தால் ஓடுகிறதும் உண்டு, உப்பி நிற்கிறதும் உண்டு. நான் ஓடுகிறதை மட்டும் படித்துவிட்டு எல்லாம் தெரிந்தவன்போல் கூவினேன். அதன்பின் பென்ஷன் வாங்கும்வரை, குச்சி போட்டுத் துழாவியபின் மதகுக்குள் முதலில் போன கை என்னுடையது. அதை வெளியே எடுத்த பிறகுதான் 'லைன் கிளியர்' சொன்னேன்.