பின்வரிசையில் ஓர் அமரர்

சென்ற சனிக்கிழமை நான் காலமானேன். பிரிக்ஃபீல்ட்ஸில், ஏர்கோன் நன்றாக வேலை செய்யும் ஒரு மண்டபத்தில்.

அக்கா மகள் தர்ஷினி டிசைன் படிக்கிறாள். விளம்பர நிறுவனத்துக்காரர்கள் வந்து மாணவர்களின் டிசைன் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் நாள் அது. பிடித்துப்போனால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால்...? பயிற்சி இல்லாமல் படிப்பை முடிக்க முடியாது. வகுப்பில் இவளுக்கு மட்டும்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை. கிள்ளானிலிருந்து காரில் அழைத்துவந்த நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு எதிரே ஒரு பெரிய நிறுவனத்தின் டிசைன் தலைவி. காப்பி பாக்கெட், சம்பல் போத்தல் லேபிள் என்று எல்லாவற்றையும் மளமளவென்று புரட்டினார். எல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது என்றார். தர்ஷினியின் முகம் தொங்கிப்போனது.

அடுத்த பக்கத்தில் அவர் கை நின்றுவிட்டது. பத்திரிகையில் வருமே, கண்ணீர் அஞ்சலி — அதைப் புதிதாக வடிவமைத்திருந்தாள். மாலை இல்லை, குத்துவிளக்கு இல்லை. நிறைய வெள்ளை இடம். நடுவில் நான்.

பத்திரிகையில் நான் வாரா வாரம் எழுதும் இந்தப் பத்தியின் தலையில் இருக்கிறதே, அதே படம். படத்தில் முடி இருப்பதால் மண்டபத்தில் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. பத்தியைப் படிப்பவர்களும் அங்கே இல்லை போலும்.

"யாரும்மா இவரு?"

"என் மாமா."

அது பொய்யில்லையே! அந்த அம்மா போன வருஷம் தன் அப்பா தவறிவிட்டதாகவும், அவருக்குப் போட்ட அஞ்சலி நிலம் விற்கும் விளம்பரம் மாதிரி இருந்ததாகவும் சொன்னார். கண் கலங்கியிருந்தது. "அப்பாவுக்கு இப்படி ஒண்ணு போட்டிருக்கணும் லா."

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்று, உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லலாம்... சொல்லிவிட்டு, அந்தக் கண்ணீருக்கு என்ன பதில் சொல்வது? நான் அசையாமல் இருந்தேன்.

திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு திருத்தம்தான்.

"போட்டோ மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லதா கிடைக்காதா?"

காரில் ஏறியதும், என் படம்தானா கிடைத்தது என்று கேட்டேன்.

"வேற யாரு மாமா விடுவாங்க? அம்மாகிட்ட கேட்டா அடிப்பாங்க. மூட நம்பிக்கை கூடாதுன்னு நீங்கதானே வாரா வாரம் எழுதுறீங்க?"

இப்போது தினமும் நான்தான் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். ஆபீஸ் வாசல் வரை வரக்கூடாதாம். தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறாள்.

முதல் நாள் அவளை இறக்கிவிட்டு, நேரே கோயிலுக்குப் போய் என் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். மூட நம்பிக்கை எல்லாம் இல்லை — முன்னெச்சரிக்கை.